பேடுல ஆட சைஃபை ஷூட்டர் எது: ஹேலோ, கில்ஸோன் 2, டைட்டன்ஃபால் 2, டூம் நாலையும் பக்கத்துல வச்சு பாத்தா

பிசில மவுஸ் புடிச்சே வளந்தவன் கைல கன்சோல் பேட குடுத்து ஒரு ஷூட்டர் ஆட சொல்லி பாருங்க. முதல் பத்து நிமிஷம் எதிரிய சுட மாட்டான், எதிரிக்கு பக்கத்துல இருக்குற சுவத்த சுடுவான், அப்புறம் காரணமே இல்லாம கூரைய பாப்பான், கடைசில பேட சோஃபால போட்டுட்டு "இத வச்சு எப்புடிடா ஆடுறீங்க"ம்பான். அவன் கேக்குறதுலயும் நியாயம் இருக்கு. மவுஸ்னா மணிக்கட்டு, முழங்கை எல்லாம் சேந்து வேல செய்யுது, பேடுல பாவம் ஒரே ஒரு வலது கட்டைவிரல், அதுவும் ஒரு இன்ச் கூட நகராத ஒரு குச்சி மேல. அதனால கன்சோல் எஃப்பிஎஸ்ஸ, அதாவது ஆளோட கண் வழியா பாத்து சுடுற ஷூட்டர, கம்பேர் பண்றப்ப கிராஃபிக்ஸ் எப்டி, கதை எப்டி, எத்தன மணி நேரம் ஓடும்னு பாக்குறதுக்கு முன்னாடி நான் பாக்குறது ஒன்னுதான், இந்த கேமு அந்த கட்டைவிரல எப்டி நடத்துது. அத வச்சே நாலு கேமையும் இங்க அலசுறேன், உங்களுக்கு வேற அளவுகோல் இருந்தா தாராளமா சண்டைக்கு வாங்க.

நாலு எதுன்னா, ஹேலோ (2001ல வந்த முதல் பார்ட்டும் 2007ல வந்த ஹேலோ 3யும், ரெண்டுமே இப்ப மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்ல ஒரே பேக்கேஜா கெடைக்குது), பிஎஸ்3ல 2009ல வந்த கில்ஸோன் 2, அப்புறம் 2016ல ஒரே வருஷத்துல வந்த டூமும் டைட்டன்ஃபால் 2வும். டெஸ்டினி 2 எங்கன்னு கேப்பீங்க. துப்பாக்கி ஃபீல் மட்டும் பாத்தா அதுக்கு நிகரா ஒன்னு ரெண்டுதான் தேறும், ஹேலோவ செஞ்ச அதே பன்ஜிதான் அதையும் செஞ்சது. ஆனா அது தெனமும் வந்து அட்டெண்டன்ஸ் போட சொல்ற கேமு, 2017ல காசு குடுத்து வாங்குன கதை மிஷன்களையே 2020 நவம்பர்ல கேம விட்டு தூக்கிட்டாங்க, புதுசா உள்ள வர்றவனுக்கு வாசல் எதுன்னே தெரியாது. அத விட்டுடுவோம்.

மொதல்ல ஒரு பழங்கதை. ரெண்டு ஸ்டிக் வச்சு ஆடுறதுங்குறதே ஒரு காலத்துல திட்டு வாங்குன சமாச்சாரம். 2000ல பிஎஸ்1க்கு ஏலியன் ரிசரக்‌ஷன்னு ஒரு கேம் வந்துச்சு, இடது ஸ்டிக்ல நடக்கணும், வலது ஸ்டிக்ல பாக்கணும், இன்னிக்கு எல்லா கேம்லயும் இருக்குற அதே செட்டப். அப்ப வந்த ஒரு விமர்சனத்துல, இந்த கேம்லயே பயங்கரமான விஷயம் இதோட கன்ட்ரோல்தாங்குற மாதிரி எழுதி கிழிச்சிருந்தாங்க. அடுத்த வருஷமே, 2001 நவம்பர் 15, எக்ஸ்பாக்ஸ் கூடவே ஹேலோ வருது, அதே ரெண்டு ஸ்டிக்தான், ஊரே தூக்கி வச்சு கொண்டாடுது. ஒரே வருஷத்துல மனுஷனுக்கு புதுசா கட்டைவிரல் மொளைக்கல. மாறுனது கேம் உள்ள நடந்த வேல.

அந்த வேல கண்ணுக்கே தெரியாதுங்குறதுதான் அதோட அழகு. கிராஸ்ஹேர், அதாவது ஸ்கிரீன்ல இருக்குற குறி அடையாளம், எதிரி மேல படுற நேரத்துல ஸ்டிக் லேசா பிரேக் புடிக்கும், நீங்க சைடுல நகந்தா குறியும் கொஞ்ச தூரம் அவன ஒட்டிக்கிட்டே வரும், சுட்ட குண்டு ஒரு மயிரிழை தள்ளி போனாலும் தானா அவன் பக்கமா வளைஞ்சுக்கும். ஹேலோ 2லேர்ந்து கிராஸ்ஹேரயே ஸ்கிரீனோட நட்ட நடுவுல வைக்காம கொஞ்சம் கீழ எறக்கி வச்சிட்டாங்க, அதனால சும்மா நேரா பாத்துக்கிட்டு நடந்தாலே தரை கொஞ்சமா தெரியும், முன்னாடி இருக்குற வெளியும் வானமும் நெறைய தெரியும், வலது ஸ்டிக்க அடிக்கடி மேல கீழ ஆட்டுற வேலயே பாதி கொறஞ்சிடுது. க்ரனேடுக்கு தனி ட்ரிகர், கைல ஓங்கி அடிக்க தனி பட்டன். அந்த காலத்து பிசி ஷூட்டர் நெறையதுல க்ரனேட ஒரு துப்பாக்கி மாதிரி செலக்ட் பண்ணி, எறிஞ்சு, திரும்ப பழைய துப்பாக்கிய எடுக்கணும். இங்க சுட்டுக்கிட்டே எறியலாம்.

முதல் பார்ட்டோட ஆரம்பத்துல ஒரு சின்ன சீன் வரும், நெறைய பேரு அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டாங்க. ஹீரோ மாஸ்டர் சீஃப் உறக்க பெட்டிலேர்ந்து எந்திரிச்சதும் ஒரு டெக்னீஷியன் வந்து மின்னுற லைட்டுகள வரிசையா பாக்க சொல்வாரு. அப்புறம் பார்வைய தலைகீழா மாத்தி, அதாவது ஸ்டிக்க மேல தள்ளுனா கீழ பாக்குற மாதிரி வச்சு, இது நல்லாருக்கா இல்ல பழையபடி மாத்திடவான்னு கேப்பாரு. மெனுக்குள்ள போய் இன்வெர்ட் ஆப்ஷன தேட வேண்டியதில்ல, கதைக்குள்ளயே உங்க கைக்கு அளவெடுத்துடுறாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் இத இவ்ளோ நாசூக்கா பண்ண கேம் ரொம்ப கம்மி. இன்னும் பல கேம்ல முதல் தடவ ஆன் பண்ணதும் பிரைட்னஸ் லோகோ தெரியுதான்னு கேட்டுட்டு நேரா குண்டு மழைக்குள்ள தள்ளி விட்டுடுறாங்க.

கில்ஸோன் 2 இதுக்கு நேர் எதிர் துருவம். அதோட வரலாறே ஒரு வில்லங்கம்தான். 2004ல பிஎஸ்2ல முதல் கில்ஸோன் வந்தப்பவே பத்திரிகைக்காரங்க "ஹேலோ கில்லர்"னு பட்டம் கட்டிட்டாங்க, கேமு அந்த பட்டத்த தாங்கல. 2005ல இ3ங்குற கேம் கண்காட்சில சோனி கில்ஸோன் 2க்கு ஒரு வீடியோ போட்டாங்க, அத பாத்துட்டு ஊரு வாய பொளந்துச்சு, அப்புறம் பாத்தா அது கேம்ல ஓடுனது இல்ல, முன்கூட்டியே ரெண்டர் பண்ண வீடியோன்னு தெரிஞ்சு போச்சு. நாலு வருஷம் கழிச்சு ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற கெரில்லா டீம் அந்த வீடியோவுக்கு ரொம்ப கிட்டத்துல ஒரு கேம நிஜமாவே கொண்டு வந்தாங்க பாருங்க, அதுக்கு ஒரு சலாம் போட்டே ஆகணும். ஹெல்கான் கிரகத்துல தூசி, பொகை, இடி, அந்த புழுதிக்குள்ள ஆரஞ்சு கலர்ல எரியுற ஹெல்காஸ்ட் (எதிரி சிப்பாய்ங்க) கண்ணு, இன்னிக்கு போட்டு பாத்தாலும் பழைய கேமுன்னு சொல்ல வராது.

ஆனா கட்டைவிரல்? அங்கதான் அடி. துப்பாக்கிக்கு எடை இருக்கணும்னு முடிவு பண்ணி ஸ்டிக்குக்கே எடை குடுத்துட்டாங்க. தள்ளுனா ஒரு நொடி யோசிச்சு நகருற மாதிரி இருக்கும், நிறுத்துனா இன்னும் கொஞ்சம் தள்ளி போய் நிக்கும், தண்ணி நெறஞ்ச குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு திரும்புற மாதிரி. வந்த புதுசுலயே ஆளுங்க கத்துனாங்க, பின்னாடி அப்டேட்ல கன்ட்ரோல துல்லியமாக்குற ஒரு ஆப்ஷனையும் குடுத்தாங்க. சிலருக்கு இந்த எடைதான் உயிரு, போர்க்களத்துல நிக்குற ஒரு சிப்பாயோட உடம்பு இப்டிதான் இருக்கும்பாங்க, அத நான் மறுக்கல. சுட்டா குண்டு படுறதும் எதிரி சுருண்டு விழுறதும் அவ்ளோ திருப்தியா இருக்கும். பிரச்சன என்னன்னா கூட்டமா நாலு பக்கமும் சுத்தி வர்றப்ப நீங்க சண்ட போடுறது ஹெல்காஸ்ட் கூடவா ஸ்டிக் கூடவான்னு சந்தேகம் வந்துடும். இதுல நடுவுல வால்வ திருக பேடயே ஸ்டியரிங் மாதிரி கைல திருப்பணும், பேடோட அசைவ கண்டுபுடிக்குற சிக்ஸ்ஆக்சிஸ்னு ஒன்னு குடுத்துட்டோமே எங்கயாவது உபயோகிக்கணும்ல.

டைட்டன்ஃபால் 2 வேற ரூட்டுல போகுது. எய்ம் அசிஸ்ட், அதாவது ஹேலோல பாத்த அந்த குறி வைக்குற உதவி, இதுலயும் இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா கேமு அத நம்பி நிக்கல. சுவத்த பாத்து குதிச்சா தானா ஒட்டிக்கிட்டு ஓடும், அங்கேர்ந்து எகிறி டபுள் ஜம்ப், தரைக்கு வந்ததும் சறுக்கல், சறுக்கல்லேர்ந்து அடுத்த சுவரு, வேகம் ஏறிக்கிட்டே போகும். குறி வைக்கிறதுல நீங்க சுமாரா இருந்தாலும் பரவால்ல, எங்க போய் நிக்குறீங்கங்குறதுலயே பாதி சண்ட முடிஞ்சிடும், அந்த வேல இடது கட்டைவிரலோடது. இன்னொரு பக்கம் பிடிங்குற டைட்டன், அதாவது உங்க ராட்சச ரோபோ, உள்ள ஏறி உக்காந்துட்டா எல்லாம் மெதுவா, கனமா, கில்ஸோன் மாதிரி ஆயிடும், ஆனா இங்க அந்த எடைக்கு அர்த்தம் இருக்கு, ஏன்னா எதிரியும் உங்கள மாதிரியே வீடு சைஸுல இருக்கான், குறி தப்பவே தப்பாது. ஒரே கேம்ல கீழ எறங்கி ஓடுற பைலட்டுக்கு ஒரு கை, டைட்டனுக்கு ஒரு கைன்னு ரெண்டு விதமா பழக்கி விட்டுருக்காங்க.

டூம் கிட்ட வந்தா தத்துவமே தலைகீழு. இதுல பிசி ரத்தம்தான் ஓடுது, அத செஞ்ச ஐடி சாஃப்ட்வேர்ங்குற கம்பெனியோட பரம்பரை அப்டி, பேடுக்கு சரிப்பட்டு வராதுன்னுதான் தோணும். ஆனா ஒரு சூட்சுமம் வச்சாங்க. அடிபட்ட அரக்கன் நீல கலர்ல மின்ன ஆரம்பிப்பான், கிட்ட போனா ஆரஞ்சாகும், அப்ப வலது ஸ்டிக்கயே உள்ள அழுத்துனா க்ளோரி கில், அவன் ஒடம்பு கிழிஞ்சு உங்களுக்கு ஹெல்த் கொட்டும். செயின்சா போட்டா புல்லட் கொட்டும். உயிரு வேணும்னா பின்னாடி போய் ஒளியாத, முன்னாடி போய் புடுங்குன்னு கேமே சொல்லுது, அதனால எப்பவும் எதிரி மூஞ்சிக்கு நேரா நிப்பீங்க, மூஞ்சிக்கு நேரா நிக்குறவன் ஸ்கிரீன்ல பாதி இருப்பான், சூப்பர் ஷாட்கன் எடுத்து தோராயமா காட்டி சுட்டாலே போதும். தூரத்த கொறைச்சே எய்ம் பிரச்சனைய தீத்துட்டாங்க! தப்பி தவறி கூட கட்டைவிரல் ஸ்டிக்க விட்டு எறங்க வேண்டாம். ரீலோடுனு ஒன்னே கெடையாது.

2020ல வந்த டூம் எடர்னல்ல இந்த சாமர்த்தியம் கொஞ்சம் அடி வாங்குது. அராக்னோட்ரான் முதுகுல இருக்குற பீரங்கிய தனியா குறி வச்சு ஒடைக்கணும், மரோடர்னு ஒருத்தன் கண்ணு பச்சையா மின்னுற அந்த ஒரு கணத்துலதான் அவன் அடி வாங்குவான், துப்பாக்கிய பட்டு பட்டுனு மாத்திக்கிட்டே இருக்கணும். நம்பர் கீ இருக்குற கீபோர்டுல இது நடனம், பேடுல வெப்பன் வீல (துப்பாக்கி மாத்துற வட்ட மெனு) தெறந்து தெறந்து ஆடணும், வீல் தெறந்தா நேரம் மெதுவாகும்தான், ஆனா தாளம் போயிடுது. எடர்னல் மோசமான கேமுன்னு சொல்ல வரல, அத பிசிக்கு விட்டுடலாம்னு சொல்றேன். பேடுக்கு 2016 டூம்தான்.

எத்தன துப்பாக்கி தூக்கலாங்குறதும் இதே கணக்குதான். ஹேலோல ரெண்டே ரெண்டு, ஒரு பட்டன தட்டுனா மாறிடும், மூணாவது வேணும்னா கைல இருக்குறத கீழ போடணும். 2001ல இத பாத்து பிசி ஆளுங்க சிரிச்சாங்க, அப்புறம் எல்லா ஷூட்டரும் இதையே காப்பியடிச்சது. கில்ஸோன் 2 இன்னும் கஞ்சம், ஒரு பெரிய துப்பாக்கி, ஒரு பிஸ்டல், அவ்ளோதான், அதுலயும் எதிரிய சுவத்தோட ஆணி அடிச்சு வெடிக்க வைக்குற அந்த போல்ட் கன் கைல வந்தா கீழ போடவே மனசு வராது. ஹேலோல இந்த ரெண்டு துப்பாக்கி கணக்கே ஒரு வித்தையாகுது. பிளாஸ்மா பிஸ்டல் ட்ரிகர புடிச்சு சார்ஜ் ஏத்தி விட்டா பச்சை உருண்டை தானா எலைட்ட (ஷீல்ட் போட்ட பெரிய ஏலியன் எதிரி) தொரத்திக்கிட்டு போய் ஷீல்ட மொத்தமா காலி பண்ணும், ஒடனே சாதா பிஸ்டலுக்கு மாத்தி தலைல ஒன்னு. இதுக்கு "நூப் காம்போ"ன்னு கேலி பேரு வேற. எந்த துப்பாக்கிய கூட்டு சேக்கணும்னு மூளை முடிவு பண்ணிடுது, விரலுக்கு மிச்சம் இருக்குறது சின்ன வேலதான்.

ஹேலோ முதல் பார்ட்டுல சைலண்ட் கார்ட்டோகிராஃபர் லெவல எடுத்துக்கோங்க, ஹேலோவ பத்தி பேசுற எல்லாரும் இதுலதான் வந்து நிப்பாங்க, நானும் நிக்குறேன். பெலிகன்ங்குற பறக்குற கப்பல் கடற்கரைல எறக்கி விடுது, மெரீன்ஸ் கத்திக்கிட்டே ஓடுறாங்க, எதிர்ல ஒரு எலைட், சுத்தி கிரண்ட்னு நாலஞ்சு குட்டி ஏலியன், கைல கேடயம் புடிச்ச ரெண்டு ஜாக்கல். ஹீரோயிக்ங்குற கஷ்டமான மோடுல நேரா ஓடுனா சாவுதான். பிளாஸ்மா க்ரனேட ஒரு கிரண்ட் மேல ஒட்ட வச்சா அவன் பதறி அடிச்சுக்கிட்டு தன் ஆளுங்க பக்கமே ஓடுவான், வெடிக்குறப்ப ரெண்டு பேர கூட்டிக்கிட்டு போவான். எலைட்ட முதல்ல சாய்ச்சா மிச்ச கிரண்டுங்க துப்பாக்கிய விட்டுட்டு கைய தூக்கிக்கிட்டு சிதறி ஓடும், கடைசில சாய்ச்சா கடைசி வரைக்கும் நின்னு சுடும். எலைட்டுக்கும் உங்கள மாதிரியே ஷீல்ட், அடி விழுந்தா அவனும் பாறைக்கு பின்னாடி போயிடுவான், விட்டா திரும்ப முழுசா வருவான். பன்ஜில டிசைனரா இருந்த ஜேமி கிரீஸ்மர் 30 விநாடி வேடிக்கையத் திரும்பத் திரும்ப வர வைக்குறத பத்தி சொன்னது ரொம்ப பிரபலம், அந்த 30 விநாடி இதுதான். அதே கடற்கரைல செத்து திரும்ப எறங்குனா வேற மாதிரி நடக்கும். இடத்த மாத்தி, எதிரி கலவைய மாத்தி, கைல இருக்குற துப்பாக்கிய மாத்தி அதே 30 விநாடிய புதுசாக்கிக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் ஒரு வார்ட்ஹாக் ஜீப்ப எறக்கி குடுத்து தீவையே சுத்தி வா ராசான்னு விட்டுடுவாங்க. வார்ட்ஹாக் ஸ்டியரிங்கும் பாக்குற ஸ்டிக்லயே இருக்கு, எங்க பாக்குறீங்களோ வண்டி அங்க திரும்பும், முதல்ல நாலு தடவ கவிழும், அப்புறம் வேற மாதிரி ஓட்டவே புடிக்காது.

டைட்டன்ஃபால் 2ல இதுக்கு பதிலா இருக்குறது எஃபெக்ட் அண்ட் காஸ். எரிஞ்சு இடிஞ்சு கெடக்குற ஒரு ஆராய்ச்சி கூடம், கைல ஒரு கருவி, வழக்கமா டாக்டிகல் ஸ்கில்லுக்கு இருக்குற அதே எல்1 பட்டன அழுத்துனா அதே இடம், ஆனா பழைய காலம், விளக்கெல்லாம் எரியுது, ஆளுங்க காவல் காக்குறாங்க. திரும்ப அழுத்துனா இடிபாடு, அங்க மிருகங்க அலையுது. லோடிங் கெடையாது, கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள. ஒரு சுவரு பழைய காலத்துல மட்டும்தான் இருக்கு, அடுத்த சுவரு இப்ப மட்டும்தான், அந்தரத்துல குதிச்ச நிலைல காலத்த மாத்தி அடுத்த சுவத்துல ஓடணும். சண்டைல நாலு பேரு சுத்துனா காலத்த மாத்தி அவங்களுக்கு பின்னாடி நடந்து போய் திரும்ப மாத்துனா போதும். எவ்ளோ பெரிய ஐடியா, ஒரே பட்டன், அதுவும் ஆள்காட்டி விரல்ல! இத ஒரே மிஷன்ல வச்சுட்டு அடுத்த மிஷன்ல தூக்கி போட்டுட்டு வேற ஐடியாவுக்கு போயிட்டாங்க, வேற ஆளா இருந்தா இத வச்சே மூணு பார்ட்டு ஓட்டிருப்பான்.

மொக்க இடங்களும் எல்லாத்துலயும் இருக்கு, மறைக்க ஒன்னும் இல்ல. ஹேலோல லைப்ரரி லெவல், ஒரே காரிடார், ஒரே கதவு, ஃப்ளட்ங்குற ஒட்டுண்ணி எதிரிங்க வந்துக்கிட்டே இருக்கும், எந்த மாடில இருக்கோம்னே மறந்து போயிடும். கில்ஸோன் 2 கடைசில ஹெல்காஸ்ட் தலைவன் விசாரியோட மாளிகைல தளபதி ராடெக் கூட நடக்குற சண்டைக்கு முன்னாடி அலை அலையா சிப்பாய்ங்க எறங்குவாங்க பாருங்க, அந்த கனமான ஸ்டிக்க வச்சுக்கிட்டு, பேடு ஒடையாம தப்பிச்சா அதிர்ஷ்டம். கூடவே வர்ற ரிக்கோ வாய தெறந்தா கெட்ட வார்த்தை. டூம்ல கதவு பூட்டிக்கும், அரக்கனுங்க கெளம்பும், எல்லாத்தையும் கொன்னா கதவு தெறக்கும், பாதி கேமுக்கு மேல இந்த வரிசை மனப்பாடமாயிடும். டைட்டன்ஃபால் 2ல கொறை ஒன்னுதான், ஆறு மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். அது வந்த நேரமும் கண்றாவி, 2016 அக்டோபர் 28, ஒரு வாரம் முன்னாடி பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் பின்னாடி கால் ஆஃப் ட்யூட்டி, நடுவுல மாட்டி நசுங்கிடுச்சு.

வீட்டுல ரெண்டு பேடு இருந்து, தம்பியோ மச்சானோ பக்கத்துல உக்காந்தா, மேல பேசுன எல்லா நியாயமும் காத்துல போயிடும். ஏன்னா இந்த நாலுல கதைய ரெண்டா பிரிச்ச ஸ்கிரீன்ல சேந்து ஆட முடியுறது ஹேலோல மட்டும்தான். ஹேலோ 3ல ஆன்லைன்ல நாலு பேரு சேந்தே கதைய முடிக்கலாம். டூம் கதை தனி ஆளுக்கு, டைட்டன்ஃபால் 2வும் அப்டியே, கில்ஸோன் 2லயும் கதைல கூட்டாளி கெடையாது, மூணாவது பார்ட்டுலதான் ஸ்பிளிட் ஸ்கிரீன் வந்துச்சு. ஆனா ஹேலோன்னு பேரு இருக்குற எல்லாத்துலயும் இது இருக்குன்னு நம்பி வாங்கிடாதீங்க. 2015ல வந்த ஹேலோ 5ல ஸ்பிளிட் ஸ்கிரீனே இல்ல, ஹேலோ இன்ஃபினிட் கதைக்கு வரும்னு சொல்லி 2022ல கைவிட்டுட்டாங்க. கலெக்‌ஷன் வாங்குனா கவலையில்ல.

படம் எவ்ளோ வழவழன்னு ஓடுதுங்குறதும் கட்டைவிரலுக்கு சம்பந்தப்பட்டதுதான். பழைய எக்ஸ்பாக்ஸ்ல ஹேலோவும், எக்ஸ்பாக்ஸ் 360ல ஹேலோ 3யும், பிஎஸ்3ல கில்ஸோன் 2வும் நொடிக்கு 30 ஃப்ரேம், டூமும் டைட்டன்ஃபால் 2வும் 60. கில்ஸோன் 2ல அந்த எடை இன்னும் எடையா தெரியுறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஹேலோ கலெக்‌ஷன் சீரிஸ் எக்ஸ்ல 120 வரைக்கும் போகுது, அத ஓட்டி பாத்துட்டு பழைய 360 டிஸ்க்க போட்டா கை வழுக்குது.

சரி, எத வாங்குறது. எக்ஸ்பாக்ஸ் வச்சிருக்கீங்கன்னா யோசிக்கவே வேணாம், மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன், முதல் பார்ட்ட ஹீரோயிக்ல ஆரம்பிங்க, நார்மல்ல எலைட்டோட புத்திசாலித்தனம் பாதி வெளியவே வராது. அதுக்கும் மேல இருக்குற லெஜண்டரி தனியா வேணாம், ஆள் சேத்துக்கோங்க. பிஎஸ்4, பிஎஸ்5 ஆளுங்களுக்கு டைட்டன்ஃபால் 2தான் முதல்ல, சேல்ல அடிமட்ட ரேட்டுக்கு அடிக்கடி வரும், அத முடிச்சுட்டு டூம், ஏன்னா டூம முதல்ல ஆடிட்டா மத்த எல்லாம் கொஞ்ச நாளைக்கு மந்தமா தெரியும். ஹேலோ முதல் பார்ட்டோட கதைய புதுசா செஞ்சு பிஎஸ்5க்கும் கொண்டு வர்றதா 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்க, "ஹேலோ கில்லர்"னு அந்த பக்கம் ஒவ்வொரு கேமா எறக்கி பாத்த காலத்துல இத சொல்லிருந்தா அடிக்க வந்திருப்பானுங்க. கில்ஸோன் 2 டிஸ்க் பிஎஸ்5ல ஓடாது, பழைய பிஎஸ்3 தூசி தட்ட ரெடியா இருந்தா மட்டும் தேடுங்க, அதுலயும் கதைக்காக மட்டும், 32 பேரு ஆன்லைன்ல ஆடுன அந்த வார்ஸோன் மோடு அட்டகாசமா இருந்துச்சு, ஆனா சர்வர 2018லயே மூடிட்டாங்க.

எத வாங்குனாலும் ஆடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வேல இருக்கு. டிவில கேம் மோட ஆன் பண்ணுங்க, படத்த அழகாக்குறேன்னு டிவி பண்ற வேலைல பட்டன் அழுத்துனதுக்கும் ஸ்கிரீன்ல நடக்குறதுக்கும் நடுவுல கேப் விழும், அத வச்சுக்கிட்டு கேம திட்டுறவன் ஏராளம். டெட்ஸோன, அதாவது ஸ்டிக்க லேசா தள்ளுனாலும் கேமு கண்டுக்காம விடுற அளவ, குறி தானா நகராத அளவுக்கு எவ்ளோ கம்மியா வைக்க முடியுமோ அவ்ளோ கம்மியா வைங்க. ஹேலோலயும் டைட்டன்ஃபால்லயும் பம்பர் ஜம்பர்னு ஒரு பட்டன் லேஅவுட் இருக்கும், குதிக்குறத எல்1, எல்பி பக்கம் மாத்திடும், வலது கட்டைவிரல் ஸ்டிக்க விட்டு எங்கயும் போக வேண்டியதில்ல, குதிச்சுக்கிட்டே குறி வைக்கலாம். முதல் ரெண்டு நாள் க்ரனேடு போடுறேன்னு குதிப்பீங்க, குதிக்குறேன்னு வேற எதையாவது பண்ணி வைப்பீங்க, விட்டுடாதீங்க. சென்சிடிவிட்டிக்கு (ஸ்டிக்க தள்ளுனா பார்வை எவ்ளோ வேகமா திரும்பணும்ங்குற அளவு) யாரோ யூட்யூப்ல சொன்ன நம்பர அப்டியே போடாதீங்க. டைட்டன்ஃபால் 2 ஆரம்பத்துல காண்ட்லெட்னு ஒரு ஓட்டப் பயிற்சி வரும், சுவத்துல ஓடி பொம்மைங்கள சுட்டுக்கிட்டே முடிக்கணும், நேரத்த போர்டுல போட்டு காட்டும். சென்சிடிவிட்டிய ஒரு நம்பர் ஏத்தி ஒரு ரவுண்டு, எறக்கி ஒரு ரவுண்டு ஓடி பாருங்க, எதுல நேரம் கொறையுதோ அத வச்சுக்கிட்டு மிஷனுக்குள்ள போங்க.